கண்டதும் கேட்டதும்: மூலையில் இருப்பவர்

சென்ற கிழமை உயர்தர வகுப்பிற் பாடம் முடித்து நாம் வெளியே வந்தபோது மாணவர் ஒருவர் பின்தொடர்ந்து வந்தார். இப்பத்தியைத் தவறாது வாசிப்பவர். இதிலுள்ள பிழைகளையும் தவறாது எண்ணுபவர். “சேர், வகுப்பிலே பொறையுடைமை படிப்பிக்கிறீங்கள். வீட்டிலே போய்க் குத்துச்சண்டை பாக்கிறீங்கள். இதிலே எது உண்மையான சேர்?” என்று கேட்டார். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவினோம். ஆசிரியர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும்.

ஆனால் கேள்வி நழுவவில்லை. வீடுவரை வந்தது, இரவு உணவிலும் உடன் இருந்தது. ஆகவே இவ்வாரம் எமது வழக்கமான மூன்றையும், அதாவது கேட்ட இசைத்தட்டு ஒன்றையும், கண்ட தொலைக்காட்சித் தொடர் ஒன்றையும், பார்த்த சண்டைகள் இரண்டையும் அக்கேள்விக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க எண்ணினோம். நாம் சங்கீத வித்துவானும் அல்லோம், மல்லரும் அல்லோம். இவை எமது சொந்த அபிப்பிராயங்கள் மாத்திரமே. ஒவ்வாதவர்கள் வழக்கம்போல எழுதலாம்.

ஓர் இசைத்தட்டு

1976 ஆம் ஆண்டு வெளிவந்த ‘சக்தி’ என்னும் இசைத்தட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தைச் சேர்ந்த கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லாவ்லின், வயலின் எல். சங்கர், தபேலா சாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் வி. ராகவன் ஆகிய ஐவரும் 1975 யூலை 5 ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றிலே சபையோர் முன்னிலையில் வாசித்ததன் பதிவு அது. உள்ளவை மூன்றே உருப்படிகள். முதலாவது 18 நிமிடம். மூன்றாவது ஏறத்தாழ 29 நிமிடம். இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடத்துக்குங் குறைந்த ஒரு சிற்றுருப்படி.

இந்த வயலின் வாத்தியக்காரர் யாழ்ப்பாணத்துக்கு அந்நியர் அல்லர் என்பது இளைய வாசகர் பலருக்குத் தெரியாதிருக்கலாம். அவருடைய தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சங்கரும், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அவருடைய தமையனார் எல். சுப்பிரமணியமும் இளமையில் இம்மண்ணில் வளர்ந்தவர்கள். 1958 ஆம் ஆண்டு இனக்கலவரத்தின்பின் அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. நாம் இழந்தவற்றைக் கணக்கிடுபவர்கள் கல்லையும் ஓட்டையும் எண்ணுவார்கள். இப்படிப்பட்டவற்றை எண்ண மறந்துவிடுவார்கள்.

நாம் இதனை முதன்முதலிற் கேட்டது 1992 ஆம் ஆண்டில். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. அயல்வீட்டுத் தோழருக்கு வெளிநாட்டில் இருந்த மாமனார் முன்னர் எப்போதோ கொண்டுவந்து கொடுத்த கசெற் அது. சைக்கிளை நிறுத்தி, பின்சில்லை நிலத்தில் முட்டாமல் உயர்த்தி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்துக் கசெற் பெட்டியோடு பொருத்துவோம். ஒருவர் மிதிக்க மற்றவர் கேட்பார். மிதிப்பவர் களைத்தாற் சுருதி இறங்கும். வயலின் அழுவதுபோல இழுபடும். உடனே கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து மிதிக்கவேண்டும். அரைமணி நேரப் பாட்டுக்கு இருவரும் நான்கு முறை இடம் மாறுவோம். அந்தக் கசெற்றின் முழு வேகம் எது என்பது வெகுகாலம் எமக்குத் தெரியாது.

இப்போது ஒழுங்கான வேகத்திற் கேட்கையில் எமக்குத் தோன்றுவது இதுதான்: இது முழுவதும் போட்டி. கிற்றார் ஒரு சொல்லை வீச வயலின் அதனைப் பிடித்து இரட்டித்துத் திருப்பி எறிகின்றது. தபேலா விடுத்த கணக்கைக் கடம் அவிழ்க்கின்றது. எமது கச்சேரிகளின் தனி ஆவர்த்தனத்திலே குறைப்பு என்று ஒரு முறை உண்டு. ஒருவர் ஓர் ஆவர்த்தனம் வாசித்தால் மற்றவரும் ஓர் ஆவர்த்தனம், பின்னர் அது பாதியாகும், பாதியிற் பாதியாகும், ஈற்றில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து தீர்மானத்தில் வந்து விழுவார்கள். எதிரே இருப்பவர் திறமையுள்ளவராக இருந்தாலன்றி அங்கே நமது திறமை வெளிப்படாது. ஆகையால் அவர் வாசிக்கும்போது நாம் ஓய்ந்திருந்து கேட்டேயாகவேண்டும். கேளாதவருக்கு விடை சொல்ல முடியாது. இசைத்தட்டு முழுவதிலும் இந்தக் கேட்டலே எமக்குப் பிடித்தது.

குறை இல்லையோவெனில், உண்டு. மூன்றாம் உருப்படியிற் சில இடங்களில் வேகம் வேகத்துக்காகவே ஓடுகின்றது. கைதட்டலை எதிர்பார்த்து ஓடுகின்றது என்றுஞ் சொல்லலாம். நடுவிலுள்ள சிற்றுருப்படியே, ஆரவாரமின்றி மெல்ல நடப்பதால், எம்மிடம் நெடுநாள் தங்கியது. இக்குழுவின் பிற்காலத்து வடிவம் 2023 இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு 2024 இல் கிறாமி விருது கிடைத்தது. அவ்வாண்டு டிசெம்பரில் சாகிர் உசேன் காலமானார். எனினும் முதலாவதுதான் எமக்கு முதலாவது.

ஒரு தொலைக்காட்சித் தொடர்

அடுத்தது ‘உலகம் போரில்’ என்று தமிழிற் சொல்லத்தக்க ஆங்கிலத் தொடர். இலண்டன் தேம்ஸ் தொலைக்காட்சி நிறுவனத்துக்காக ஜெரமி ஐசக்ஸ் தயாரித்தது; 1973 ஒக்ரோபர் முதல் 1974 மே வரை 26 பகுதிகளாக ஒளிபரப்பாகியது. இரண்டாம் உலக யுத்தத்தின் வரலாறு. பின்னணியிற் குரல் கொடுப்பவர் நடிகர் லோறன்ஸ் ஒலிவியே.

தளபதிகளின் பெருமை பேசும் யுத்தப் படங்கள் ஆயிரம் உண்டு. இத்தொடர் அவற்றோடு சேராது. அமைச்சர்களும் தளபதிகளும் இதிலும் பேசுகின்றார்கள். ஹிட்லரின் செயலாளராக இருந்த பெண்மணியும், அவருடைய ஆயுத அமைச்சர் அல்பேட் ஸ்பியரும் பேசுகின்றார்கள். ஆனால் அவர்களுக்கு ஈடாகச் சாதாரணச் சிப்பாயும், குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பப் பெண்ணும், வதைமுகாமிலிருந்து மீண்டவரும் அமர்ந்து பேசுகின்றார்கள். யுத்தம் முடிந்து முப்பது ஆண்டுகூட ஆகாத காலம். பேசியவர்கள் யாவரும் கண்ணாற் கண்டவர்கள். இன்று அப்படி ஒரு தொடரை எடுக்க எவராலும் இயலாது. எடுத்தாலும் சாட்சிகள் இல்லை.

முதற் பகுதி ஒரு வெறுங் கிராமத்தோடு தொடங்குகின்றது. பிரான்சிலுள்ள ஒறடூர் சூர் கிளான் என்னும் ஊர் அது. 1944 யூன் 10 ஆந் திகதி ஜேர்மனியப் படையினர் அவ்வூரிற் புகுந்து, ஆண்களைச் சுட்டும், பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீயிட்டும் 640 இற்கு மேற்பட்டோரைக் கொன்றனர். யுத்தத்தின்பின் அவ்வூரைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலே புதிய ஊரைக் கட்டினார்கள். கூரையற்ற சுவர்களும் துருப்பிடித்த வாகனங்களும் இன்றும் அங்கே கிடக்கின்றன. இருபத்தாறாம் பகுதியும் அங்கேயே வந்து முடிகின்றது. இரண்டுக்கும் நடுவில் உலகம் முழுவதையும் சுற்றிவந்த நமக்கு, அந்தச் சுவர்கள் இரண்டாம் முறை வேறு மாதிரித் தெரிகின்றன.

சீனத்து மக்கள் பட்ட பாட்டுக்கு இத்தொடரிற் கிடைத்த இடம் மிகச் சிறிது என்பது எமது குறை. ஆனால் ஒன்றை இது நன்றாகக் காட்டுகின்றது. கொல்பவன் எதிரே நிற்பவனை முதலில் மனிதர் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றான். அதற்கென்று சொற்கள் இருக்கின்றன, சுவரொட்டிகள் இருக்கின்றன, பள்ளிப் புத்தகங்களும் இருக்கின்றன. துவக்கு கடைசியில் வருகின்றது. பகுதிக்குப் பகுதி நாம் தேடியது, ‘போதும்’ என்று சொல்ல அதிகாரமுள்ள ஒருவரை. அகப்படவில்லை. சொல்லக்கூடியவர்கள் தொலைவில் இருந்தார்கள். அருகில் இருந்தவர்களுக்குச் சொல்ல வாய் இல்லை.

கூரையற்ற சுவர்களைப் பார்க்க நாம் பிரான்சுக்குப் போகவேண்டியதில்லை. இதற்குமேல் இவ்விடத்தில் எழுத விரும்பவில்லை.

இரண்டு சண்டைகள்

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். இவ்வளவையும் பார்த்த ஒருவர் எப்படிக் குத்துச்சண்டை பார்க்கலாம்?

முதலில் எதிர்ப்பக்கத்து நியாயத்தை மறைக்காமற் சொல்லிவிடுகின்றோம். 1962 மார்ச் 24 ஆந் திகதி நியூயோர்க்கில் பெனி பரெற் என்னும் கியூபா வீரர் எமில் கிறிபித்தோடு பொருதினார். உடல் நிறை பார்த்தபோது பரெற் தம் எதிரியை இழிவான சொல்லால் ஏசியிருந்தார். பன்னிரண்டாம் சுற்றிலே பரெற் மூலையில் அகப்பட்டு, கை தாழ்ந்து, விழவும் முடியாமல் நின்றார். அடி ஓயவில்லை. நடுவர் பிந்தினார். வீடுகளில் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் அதனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாள் கழித்துப் பரெற் இறந்தார். 1982 இல் கொரிய வீரர் கிம் டுக் கூ அமெரிக்காவிற் சண்டையிட்டு இறந்தபின்னரே உலகக் குத்துச்சண்டைப் பேரவை 15 சுற்றுக்களை 12 ஆகக் குறைத்தது. இவற்றையெல்லாம் அறிந்த பின்னரும் ‘வெறும் விளையாட்டுத்தானே’ என்று நாம் சொல்லமாட்டோம். இலங்கைக்கு முதற் பேரரசு விளையாட்டுத் தங்கம் 1938 இல் சிட்னியிற் கிடைத்தது. அது பார்னி ஹென்றிகஸ் குத்துச்சண்டையில் வென்றது. அந்தப் பெருமையும் இந்தக் கணக்கைத் தீர்க்காது.

பின் எதற்காகப் பார்க்கின்றோம்? 1975 ஒக்ரோபர் 1 ஆந் திகதி மணிலாவுக்கு அண்மையில் முகமது அலியும் ஜோ பிறேசியரும் மூன்றாம் முறை சந்தித்த சண்டையைச் சொல்கின்றோம். 1971 இற் பிறேசியர் வென்றிருந்தார். 1974 இல் அலி வென்றிருந்தார். வியற்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967 இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டு அவர் சண்டையிட முடியாதிருந்த காலத்தில், அவருக்கு மீண்டும் அனுமதி கிடைக்கவேண்டுமென்று பேசியவர் பிறேசியர்; பணமும் கொடுத்து உதவியவர். அந்த மனிதரையே அலி மணிலாவுக்குமுன் கொரில்லாக் குரங்கு என்று மேடைக்கு மேடை ஏசினார்; இறப்பர் பொம்மையை வைத்துக் குத்திக் காட்டினார். சபை சிரித்தது. பிறேசியரின் பிள்ளைகள் அதனைப் பள்ளிக்கூடத்திற் கேட்கவேண்டியிருந்தது. அலியை நாம் நேசிக்கின்றோம். ஆயினும் இதனை நாம் மன்னிப்பதில்லை. மன்னிக்கவேண்டியவரும் நாம் அல்லோம்.

வெப்பம் மிகுந்த முற்பகலில் அவர்கள் பதினான்கு சுற்றுக்கள் பொருதினார்கள். முதற் சுற்றுக்கள் அலிக்கு. இடைச் சுற்றுக்கள் பிறேசியருக்கு. பின்னைய சுற்றுக்கள் மீண்டும் அலிக்கு. பிறேசியரின் இடக்கண் ஏலவே பார்வை குறைந்தது. வலக்கண் வீங்கி மூடிற்று. அலியின் கை வருவது அவருக்குத் தெரியவில்லை. எஞ்சியிருந்தது ஒரே சுற்று, மூன்று நிமிடம். அப்போது அவருடைய மூலையில் இருந்த பயிற்சியாளர் எடி பியூச் சண்டையை நிறுத்தினார். பிறேசியர் எழப் பார்த்தார், வேண்டாம் என்றார். பியூச் அவருடைய தோளிற் கைவைத்து இருத்தி, எல்லாம் முடிந்தது என்றும், இன்று இங்கே அவர் செய்ததை ஒருவரும் மறக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். பியூச் தம் வாழ்நாளிலே வளையத்துள் வீரர் மடியக் கண்டவர். மறுபக்கத்து அலியோ எழுந்து நின்ற சற்று நேரத்திலே சுருண்டு கீழே இருந்தார். மரணத்துக்கு அவ்வளவு கிட்டப் போனதில்லை என்று பின்னர் அவரே சொன்னார்.

இன்னும் ஒரு சுற்று விட்டிருந்தால் பிறேசியர் வென்றிருப்பார் என்று வாதிடுபவர்கள் இன்றும் உளர். வென்றிருக்கலாம். இறந்தும் இருக்கலாம். பியூச் வெற்றியைக் கணக்கிடவில்லை. அந்த மனிதருக்கு வீட்டிலே பிள்ளைகள் இருந்ததைக் கணக்கிட்டார். அலியின் ஏச்சுக்காக 2001 ஆம் ஆண்டு பத்திரிகை வாயிலாக மன்னிப்பு வந்தது. 26 ஆண்டு பிந்தி. 1984 இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று கண்டறியப்பட்டிருந்தது. 2011 இற் பிறேசியர் இறந்தபோது, பேச முடியாத நிலையிலும் அலி இறுதிக் கிரியைக்கு வந்து எழுந்து நின்று கைதட்டினார்.

இரண்டாவது, 1964 ரோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த யூடோ. அவ்வாண்டுதான் யூடோ முதன்முதலில் ஒலிம்பிக்கிற் சேர்ந்தது. தம் சொந்தக் கலையில் நான்கு தங்கங்களையும் வெல்வோம் என்று யப்பானியர் இருந்தார்கள், மூன்றை வென்றார்கள். நிறை வரையறை இல்லாத நான்காம் பிரிவின் இறுதியிலே ஒல்லாந்தர் அன்ரன் ஹேசிங், யப்பானியர் அக்கியோ கமினாகாவை நிலத்தில் அழுத்திப் பிடித்து வென்றார். மண்டபம் உறைந்தது. ஒல்லாந்து இரசிகர்கள் ஆரவாரத்தோடு விரிப்பின்மேல் ஓடிவரப் பார்த்தார்கள். ஹேசிங் அவர்களை நோக்கிக் கையை உயர்த்தித் தடுத்தார். எழுந்து, உடையைத் திருத்தி, தோற்றவருக்குத் தலைவணங்கினார். அந்த உயர்த்திய கையை நாம் எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை. யூடோவில் வலி பொறுக்க முடியாதவர் கையால் இருமுறை தட்டினாற் போதும். பிடித்தவர் அக்கணமே விடவேண்டும். விடாதவருக்கு அந்த விளையாட்டில் இடமில்லை.

மாணவருக்கு எமது விடை இதுதான். சண்டையைப் பார்க்க நாம் போகவில்லை. அது நிற்கும் இடத்தைப் பார்க்கப் போகின்றோம். வளையத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு நடுவர் உண்டு. மூலையிலே ‘போதும்’ என்று சொல்ல ஒருவர் உண்டு. அந்த ஒருவர் பிந்தினால் அதுவும் கொலைதான். இது முழுமையான விடை என்று நாம் நினைக்கவில்லை. புள்ளி போடுவதானால் நூற்றுக்கு அறுபது போடலாம்.

ஒரு வேலி

இப்பத்திக்காக மணிலாச் சண்டையை மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது எமது அன்னையார் பக்கத்திலிருந்து பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். சண்டையில் அவருக்கு நாட்டமில்லை. முடிவில் மட்டும் நிமிர்ந்து, “தம்பி, அந்தக் கிழவர் ஆர்? தகப்பனோ?” என்று கேட்டார். பயிற்சியாளர் என்றோம், நடந்ததைச் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, “எங்கட மூலையிலே ஆர் இருக்கினம்?” என்று கேட்டார். பயிற்றங்காய்ச் சுளகை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

அவர் எதனைக் கேட்டார் என்பது எமக்கு விளங்கிற்று. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது ஊரே எழுந்து போயிற்று. மறு ஆண்டு திரும்பி வந்தபோது எமது வளவுக்கும் அயல் வளவுக்கும் இடையிலிருந்த கிளுவை வேலி அழிந்திருந்தது. கண்மதிப்பாகக் கதியால் நட்டுக் கட்டினோம். பல ஆண்டுகள் கழித்து அயலவர் மதில் கட்ட எண்ணி நில அளவையாளரை அழைத்தபோது ஒன்றரை அடி வித்தியாசம் வந்தது. யாருடைய ஒன்றரை அடி என்பதை ஆறு ஆண்டுகளாக நீதிமன்றம் விசாரிக்கின்றது. அயலவர் வேறு யாருமல்லர். சைக்கிள் மிதித்த தோழர்தான். கோயிலிற் கண்டாலும் இருவரும் வேறு பக்கம் பார்ப்போம். எமது சுற்றத்தார் அவரைப்பற்றி எம்மிடம் சொன்ன சொற்களையும், நாம் மறுக்காமற் கேட்டிருந்ததையும் இங்கே எழுதமாட்டோம்.

ஐப்பசித் திங்களில் எமது கோயில்களிற் சூரன்போர் நடக்கின்றது. சிறுவயது முதல் பார்த்து வருகின்றோம். கந்தபுராணப் படிப்பும் கேட்டு வருகின்றோம். முருகன் சூரனை இல்லாமற் செய்யவில்லை. பிளந்த மாமரம் மயிலும் சேவலுமாயிற்று. ஒன்றை ஊர்தியாக்கினான், மற்றதைக் கொடியாக்கினான். எதிர்த்து வந்தவனுக்குத் தன்னோடு ஓர் இடம் கொடுத்தான். இதனை வகுப்பிலே பலமுறை விளக்கியிருக்கின்றோம். வேலிக்கு இப்பால் நின்று ஒருமுறையும் நினைக்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை அயல்வீட்டுப் படலையைத் திறந்து போனோம். தோழர் திண்ணையில் இருந்தார். எழுந்தார், கதிரையை இழுத்துப் போட்டார். அவர் மனைவியார் தேநீர் கொண்டுவந்தார். வேலியைப்பற்றி இருவரும் பேசவில்லை. அந்தக் கசெற் இருக்கின்றதா என்று கேட்டோம். “இடம்பெயர்ந்தபோது போட்டது, திரும்பி வந்தபோது இல்லை” என்றார். பிறகு, “நீ மிதிச்சால் எப்பவும் சுருதி இறங்கும்” என்றார். அது உண்மையன்று, இறங்கியது அவர் மிதித்தபோதுதான். நாம் மறுக்கவில்லை.

வழக்கு அடுத்த மாதம் மீண்டும் அழைக்கப்படும். இணக்கமாகத் தீர்க்க முடியுமா என்று பார்க்கும்படி எமது சட்டத்தரணியிடம் சொல்லியிருக்கின்றோம். தோழரும் தம் சட்டத்தரணியிடம் சொன்னாரா என்பது தெரியாது. ஒன்றரை அடி இன்னமும் ஒன்றரை அடிதான்.

வாசக நேயர்களே, மாணவர்களே! அடுத்த ஞாயிறும் சந்திப்போம். அதற்குள் உங்கள் மூலையில் இருப்பவர் யாரென்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவர் ‘போதும்’ என்றால் கேளுங்கள்.